வெண்புள்ளி நோயாளிகளின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அழற்சியும்: அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலை ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை எடுக்கும் உயிர்வேதியியல், தோல் மருத்துவ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் கருவியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் எண்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் கருவிக்கு வெளியேதான். யாரைச் சேர்த்தோம், அவர் காலையில் என்ன சாப்பிட்டார், ரத்தக் குழாய் எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அதனால் சோதனை முறைகளைவிட அதற்கு முந்தைய படிகளுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"வெண்புள்ளியில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. (ஆக்சிஜனின் வீரிய வடிவங்கள் உடலின் தற்காப்பை மிஞ்சிச் செல்களைச் சேதப்படுத்தும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம்.) நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிடப் போகிறீர்களா, பரவிக்கொண்டிருக்கும் நோயையும் நிலைத்துவிட்ட நோயையும் ஒப்பிடப் போகிறீர்களா, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்க்கப் போகிறீர்களா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது கேள்விதான் மருத்துவருக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அடுத்தது குறிப்பான்கள், அதாவது ரத்தத்தில் அளக்கப்போகும் பொருள்கள். ஆக்சிஜனேற்றப் பக்கம் சேதத்தைக் காட்டும் ஒன்றும் தற்காப்பைக் காட்டும் இரண்டும் போதும். சேதத்துக்கு, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் மாலோன்டைஆல்டிஹைடு (எம்டிஏ); தற்காப்புக்கு காட்டலேஸ், சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் (எஸ்ஓடி) என்ற இரு நொதிகள். குளுட்டாதயோனையும் சேர்க்கலாம். ஆனால் அது மிக விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையும். ரத்தம் எடுத்த உடனேயே அமிலம் சேர்த்துப் புரதத்தை வீழ்படிவாக்க ஆள் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அழற்சிப் பக்கம் உயர் உணர்திறன் சிஆர்பி (சி-வினைப் புரதம்), ஐஎல்-6 (இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிச் செய்திப் புரதம்) இரண்டும் வழக்கமானவை. பணம் இருந்தால், எதிர்ப்புச் செல்களை ஈர்க்கும் சிஎக்ஸ்சிஎல்10 என்ற புரதத்தையும் சேருங்கள். நிறமிச் செல்களை அழிக்கும் சிடி8 டி-செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைத் தோலுக்கு இழுத்துவருவது இன்டர்ஃபெரான்-காமாவும் அது தூண்டிவிடும் சிஎக்ஸ்சிஎல்9, 10 ஆகியவையும்தான். சிஆர்பி ஈரல் செய்யும் பொதுப் புரதம். பல் ஈறு வீங்கினாலும் அது ஏறும். நோயின் இயக்கத்துக்கு நெருக்கமான ஒன்றையாவது அளக்காமல் "அழற்சி" என்று எழுதுவது சரியாகாது.

எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கையும் இப்போதே போடுங்கள். இரு குழுக்களுக்கிடையே அரை திட்டவிலக்க அளவு வேறுபாட்டை 80 சதவீதத் திறனோடு, 5 சதவீதப் பிழை வரம்பில் கண்டறியக் குழுவுக்குச் சுமார் 63 பேர் வேண்டும். வேறுபாடு ஒரு முழு திட்டவிலக்கம் என்றால் 16 பேர் போதும். முப்பது பேரைச் சேர்த்துவிட்டுப் பிறகு கணக்குப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. நடக்கக் கூடாதது.

2. அனுமதியும் ஒப்புதலும்

கல்லூரி நெறிமுறைக் குழுவின் எழுத்துவழி அனுமதி வரும்வரை ஒரு துளி ரத்தமும் எடுக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில், படித்ததும் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். எவ்வளவு ரத்தம், எதற்கு, முடிவு யார் கைக்குப் போகும், வேண்டாம் என்று விலகினாலும் சிகிச்சை தொடரும் என்ற நான்கும் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

நம் பகுதியில் கூடுதலாக ஒரு கவனம் தேவை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வெண்புள்ளி இருப்பது அடுத்த தெருவுக்குத் தெரியக் கூடாது என்று குடும்பமே பயந்துகொண்டிருக்கும். அந்தப் பயம் நியாயமா என்று விவாதிப்பது உங்கள் வேலை அல்ல. ரகசியம் காப்பது உங்கள் வேலை. குழாயில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒரே நோட்டில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியம்மா எடுத்துவிட்ட ஒரு போன் அழைப்பால் ஒரு நோயாளி ஆய்விலிருந்தே விலகிப்போவார். மனக்கஷ்டம் தனி.

3. யாரைச் சேர்ப்பது

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். வெளிநோயாளிப் பிரிவில் வெள்ளையாகத் தெரியும் எல்லாமே வெண்புள்ளி அல்ல.

தேமல் என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு வெண்புள்ளி இருக்கலாம். வெண்புள்ளி என்று பயந்து வருகிறவருக்கு வெறும் தேமல் இருக்கலாம். மரத்துப்போன வெளிர்ந்த தடிப்பு என்றால் தொழுநோயை முதலில் விலக்க வேண்டும். உணர்ச்சி சோதனை செய்யாமல் யாரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். இருட்டறையில் 365 நானோமீட்டர் உட்ஸ் (புறஊதா) விளக்கில் பாருங்கள். வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக, நீலம் கலந்து, விளிம்பு தெளிவாக ஒளிரும். அறைக் கதவு ஒழுங்காக மூடாவிட்டால் இந்த வித்தியாசமே தெரியாது.

ரசாயனத்தால் வரும் நிறமிழப்பைத் தனியாகப் பிரியுங்கள். ஒட்டுப்பொட்டின் பசையிலும் ரப்பர் செருப்பின் பசையிலும் உள்ள பாரா-டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் நிறமிச் செல்லை நேரடியாகக் கொல்லும். பொட்டு வைக்கும் இடத்திலும் செருப்பு வார் படும் இடத்திலும் மட்டும் வெளுப்பு இருந்தால் இவரைச் சேர்க்க வேண்டாம். திருப்பூரில் சாயப்பட்டறையிலோ பிளீச்சிங் பிரிவிலோ வேலை பார்ப்பவர் என்றால் என்ன ரசாயனம், கையுறை உண்டா, எத்தனை ஆண்டு என்பதை எழுதுங்கள். "கூலி" என்று ஒரே சொல்லில் தொழிலை எழுதிய படிவம் எதற்கும் பயன்படாது.

பிறகு வகை. உடலின் ஒரு பக்கப் பட்டையில் மட்டும் வரும் வெண்புள்ளி வேறு, இருபுறமும் வருவது வேறு. 2011-12இல் சர்வதேச வல்லுநர் கூட்டத்தில் ஏற்கப்பட்ட வகைப்பாடும் இவற்றைப் பிரித்தே வைக்கிறது. இரண்டையும் ஒரே குழுவில் கலந்தால் சராசரிக்குப் பொருள் இராது. பட்டை வகை நோயாளிகள் குறைவு என்பதால் பொதுவாக இருபுற வகையை மட்டும் எடுப்பது நல்லது.

நோயின் பரப்புக்கு வாசி (VASI) என்ற மதிப்பெண் போடுங்கள். விரல்கள் சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை, உடற்பரப்பில் சுமார் 1 சதவீதம். கவனியுங்கள், நோயாளியின் கை, உங்கள் கை அல்ல. ஒவ்வொரு பகுதியிலும் நிறமிழப்பை 10, 25, 50, 75, 90, 100 சதவீதம் என்று மதிப்பிட்டுப் பரப்போடு பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆய்வு முழுவதும் ஒரே ஆள் மதிப்பெண் போட்டால்தான் எண்கள் ஒப்பிடத்தக்கவை.

நோய் இப்போது பரவுகிறதா என்பதற்கு விடா (VIDA) என்ற மதிப்பெண். கடைசி 6 வாரத்துக்குள் புதுப் புள்ளி என்றால் 4, 3 மாதத்துக்குள் 3, 6 மாதத்துக்குள் 2, ஓராண்டுக்குள் 1, ஓராண்டாக மாற்றமில்லை என்றால் 0, தானாக நிறம் திரும்பினால் கழித்தல் 1. தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. தீபாவளிக்கு முன்பா பின்பா, ஆடிப்பெருக்கு சமயத்திலா, மாரியம்மன் கோயில் கம்பம் நட்ட போதா என்று கேளுங்கள். பதில் உடனே வரும்.

விலக்க வேண்டியவர்கள்: நீரிழிவு, புகை, தற்போதைய காய்ச்சல், கர்ப்பம், பிற அழற்சி நோய்கள். வெற்றிலையோடு போயிலை போடும் வயதானவர்கள் தங்களைப் புகையிலை பயன்படுத்துகிறவர்களாகவே நினைப்பதில்லை. அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் பொறுமை வேண்டும். வாரம் இரு நாள் ஸ்டீராய்டு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட், ஒளிச்சிகிச்சை ஆகிய மூன்றுமே நீங்கள் அளக்கப்போகும் பொருளையே மாற்றும். எத்தனை வாரம் நிறுத்தியவர்களைச் சேர்ப்பது என்பதைத் தோல் மருத்துவரோடு பேசி, திட்ட அறிக்கையில் எழுதி, எல்லோருக்கும் ஒரே விதியாக வையுங்கள். ஆய்வுக்காக யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். புதிதாக வருகிறவர்களைத் தேடுங்கள். கார்போகரிசி சேர்ந்த நாட்டு மருந்து தடவி வெயிலில் நிற்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அதில் சோராலென் இருக்கிறது. வெயிலோடு சேர்ந்தால் அதுவும் ஒளிச்சிகிச்சைதான். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளும் இதே கணக்கில் வரும்.

4. ஒப்பீட்டுக் குழு

கைக்கு எட்டியவர்கள் என்று விடுதி மாணவர்களையும் ஆய்வக ஊழியர்களையும் சேர்த்துவிடுகிறார்கள். இருபது வயது மாணவரை ஐம்பது வயது விசைத்தறித் தொழிலாளியோடு ஒப்பிட்டால் நீங்கள் அளந்தது வயதையும் வாழ்க்கையையும்தான்.

நோயாளியின் அண்ணன், தங்கை போன்ற நெருங்கிய ரத்த உறவினரும் வேண்டாம். தன்னெதிர்ப்பு நோய்களுக்கான மரபுச் சாய்வு அவர்களிடமும் இருக்கக்கூடும். துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் மிகப் பொருத்தம். அதே தண்ணீர், அதே ஷிப்ட், அதே பஞ்சுத் தூசி. வயது ஐந்தாண்டுக்குள்ளும் பாலினம் ஒன்றாகவும் இருக்கட்டும்.

5. ரத்தம் எடுக்கும் முந்தைய நாள்

இரவு உணவுக்குப் பின் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. காலை 8 முதல் 10 மணிக்குள் ரத்தம். ஐஎல்-6 நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கொழுப்பு மிதக்கும் சீரம் ஒளியளவுகளைக் கலங்கடிக்கும். இரண்டையும் தவிர்க்கத்தான் இந்த ஒழுங்கு.

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். டீ குடித்திருப்பார்கள். நம் ஊரில் டீ சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. "காலையில் டீ, காபி, ராகிக் கூழ், வெற்றிலை ஏதாவது உண்டா அம்மா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பஞ்சாலையில் முழுநைட் முடித்து நேராக வருகிறவரை வேறு நாளுக்கு வரச் சொல்லுங்கள். தூக்கமிழப்பும் அழற்சி எண்களைத் தொடும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவராக இருந்தால் கடைசியாக அடித்த நாளைக் குறியுங்கள். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தாமாகவே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை ஏற்றும்.

ரத்தம் எடுக்கும் நாளிலேயே டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), தைராய்டு எதிர்ப்பொருள், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையும் கேட்டுவிடுங்கள். வெண்புள்ளியோடு தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள். பல கருவிகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

6. ரத்தம் எடுப்பதும் பிரிப்பதும் கொண்டுபோவதும்

சிவப்பணு உடைந்த மாதிரியை வைத்து இந்த ஆய்வைச் செய்ய முடியாது. சிவப்பணுவுக்குள் காட்டலேஸும் எஸ்ஓடியும் நிறைந்திருக்கின்றன. இரும்பு வெளியே வந்தால் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் குழாயிலேயே தொடங்கிவிடும். இளஞ்சிவப்பாகத் தெரியும் பிளாஸ்மாவை வருத்தப்படாமல் ஒதுக்குங்கள்.

21 அல்லது 22 கேஜ் ஊசி. கைக்கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோடு மெதுவாக விடுங்கள். ஊசி வழியாகவே அழுத்திப் பீய்ச்சுவதுதான் சிவப்பணு உடைய முதல் காரணம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயை 8 முதல் 10 முறை மென்மையாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள்.

இரண்டு குழாய்கள்: ஈடிடிஏவில் 4 மி.லி., சீரத்துக்குச் சாதாரணக் குழாயில் 4 மி.லி. சீரக் குழாய் அறை வெப்பத்தில் 30 நிமிடம் உறையட்டும். முழுதாக உறையும் முன் சுழற்றினால் ஃபைப்ரின் என்ற உறைபுரத நூல், எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசாத் தட்டில் வந்து நிற்கும். ஈடிடிஏ குழாயை உடனே குளிரில் வையுங்கள், ஆனால் பனிக்கட்டி நேரடியாகப் படாமல். உறைந்தால் சிவப்பணு எல்லாம் வெடித்துவிடும்.

சுழற்றுவது 1000 ஜி, 15 நிமிடம், 4 டிகிரி. ஜி என்பது சுழல்விசை, சுற்று எண்ணிக்கை அல்ல. ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். 10 செ.மீ. ஆரமுள்ள கருவியில் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் சுமார் 1000 ஜி. வேறு ஆய்வகத்தின் கருவியில் அதே 3000 வேறு விசையாகிவிடும்.

பிளாஸ்மாவை எடுத்த பிறகு வெள்ளணுப் படலத்தை நீக்குங்கள். சிவப்பணுக்களைக் குளிர்ந்த 0.9 சதவீத உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் உடையுங்கள். இந்தச் சாறுதான் காட்டலேஸுக்கும் எஸ்ஓடிக்கும் மூலம்.

முகாம்களில் எடுக்கும் மாதிரிகளுக்கு வருகிறேன். கோபியிலோ அந்தியூரிலோ காலையில் ரத்தம் எடுத்து, குழாய்களை அப்படியே பஸ்ஸில் கோவைக்குக் கொண்டுவருவது சித்திரை வெயிலில் முழு வீண். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெட்டி சூடேறும். சிறிய சுழற்றுக் கருவியை முகாமுக்கே எடுத்துப்போங்கள், அல்லது அங்குள்ள மருத்துவமனை ஆய்வகத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். பிரித்த பிளாஸ்மாவும் சீரமும் ஜெல் குளிர்ப்பொதிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வரட்டும். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி. ஏற்றும்போதும் இறக்கும்போதும் படித்து எழுதுங்கள்.

சேமிப்பு கழித்தல் 80 டிகிரியில், 200 மைக்ரோலிட்டர் சிறு குப்பிகளாக. ஒரே குப்பியை உருக்கி உறையவைத்து மறுபடி உருக்கினால் ஐஎல்-6 போன்ற சைட்டோகைன் எண்கள் ஆடும். ஒரு சோதனைக்கு ஒரு குப்பி. கழித்தல் 20இல் எம்டிஏ மாதிரியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஆக்சிஜனேற்றம் அங்கேயும் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். மின்தடை நேரங்களை உறைபெட்டிக் கதவிலேயே ஒரு தாளில் குறியுங்கள்.

7. ஆக்சிஜனேற்றச் சோதனைகள்

எம்டிஏ: தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு அமிலச் சூழலில் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், 532 நானோமீட்டரில் படிக்க வேண்டும். சூடாக்கும்போதே புதிய ஆக்சிஜனேற்றம் நடக்காமலிருக்க பியூட்டைலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) என்ற தடுப்பான் சேர்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் உண்டான எம்டிஏவை நோயாளியின் கணக்கில் எழுதுகிறார்கள். சர்க்கரை, பிலிருபின், சயாலிக் அமிலமும் இந்த நிறத்தில் பங்கு கேட்கும். அதனால் அறிக்கையில் எம்டிஏ என்று எழுதாமல் தயோபார்பிட்யூரிக் அமில வினைப்பொருள்கள் என்று எழுதுவதே நேர்மை.

காட்டலேஸ்: ஹைட்ரஜன் பெராக்சைடு குறையும் வேகத்தை 240 நானோமீட்டரில் பார்க்கிறோம். குவார்ட்ஸ் குவெட் (கரைசலை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு கலம்) கட்டாயம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அந்த அலைநீளத்தை விழுங்கிவிடும். புதியவர்கள் இந்த ஒன்றில் பல நாள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பெராக்சைடு பாட்டிலில் 30 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். திறந்து வைத்த பாட்டில் வீரியம் இழக்கும். அன்றன்று நீர்த்து, உறிஞ்சலைப் படியுங்கள். 10 மில்லிமோலார் கரைசல் ஒரு செ.மீ. குவெட்டில் சுமார் 0.44 காட்ட வேண்டும். சாற்றைச் சேர்த்த முதல் 30 விநாடிக்குள் சரிவை எடுங்கள். நேரம் போனால் நொதி செயலிழக்கும், ஆக்சிஜன் குமிழ்கள் ஒளிப்பாதையை மறைக்கும்.

எஸ்ஓடி: பைரோகல்லால் முறை மலிவு. 420 நானோமீட்டரில் பைரோகல்லால் தானாக ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பாதியாகக் குறைக்கும் நொதி அளவு ஓர் அலகு. பைரோகல்லால் கரைசலை அவ்வப்போது புதிதாகச் செய்யுங்கள். ஹீமோகுளோபினை எத்தனால்-குளோரோஃபார்ம் கொண்டு நீக்கிய பிறகே படியுங்கள்.

இரண்டு நொதிகளையும் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இவ்வளவு அலகு என்று எழுதுங்கள். நம் பகுதிப் பெண்களில் ரத்தசோகை பரவலாக இருக்கிறது. ஒரு மி.லி.க்கு என்று எழுதினால், சிவப்பணு குறைவாக உள்ளவருக்கு நொதி குறைவாக உள்ளது போலத் தோன்றும்.

8. அழற்சிச் சோதனைகள்

சிஆர்பி லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் வந்தால் அவரிடம் சளி, காய்ச்சல், பல்வலி, சிறுநீர் எரிச்சல் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அந்த எண்ணை வெண்புள்ளியின் தலையில் கட்டாதீர்கள்.

ஐஎல்-6 நலமான ஆளில் மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம்தான். சாதாரண எலைசாச் சோதனைப் பெட்டியின் (கிட்) கண்டறியும் எல்லைக்கு அருகிலேயே பாதிப் பேர் விழுவார்கள். வாங்கும் முன் பெட்டியின் கீழ் எல்லையைப் படியுங்கள். விலை மட்டும் பார்த்து வாங்கிவிட்டால் தட்டு முழுவதும் "கண்டறியப்படவில்லை" என்றே வரும்.

தட்டின் அமைப்பு இந்தப் பிரிவின் உயிர்நாடி. நோயாளிகளை ஒரு தட்டிலும் ஒப்பீட்டுக் குழுவை அடுத்த வாரம் இன்னொரு தட்டிலும் ஓட்டினால், தட்டுகளுக்கிடையிலான வித்தியாசமே நோயின் வித்தியாசமாக வேடமிட்டு வரும். அதை எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தட்டிலும் இரு குழுவையும் கலந்து, யார் யார் என்று தெரியாதவர் ஓட்டட்டும். ஒவ்வொரு மாதிரியும் இரட்டையாக. இரண்டுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் விலகல் என்றால் மறுபடி.

கழுவும் படியில் அவசரம் வேண்டாம். குழிகளில் மிச்சமிருக்கும் ஒரு துளிகூட 450 நானோமீட்டர் வாசிப்பை ஏற்றிவிடும்.

9. கணக்கு

சைட்டோகைன் எண்கள் ஒரு பக்கம் நீண்டு கிடக்கும். இடைநிலை மதிப்பும் கால்மான வீச்சும் கொடுங்கள். இரு குழுவை ஒப்பிட மான்-விட்னி, இரு அளவுகளின் தொடர்பைப் பார்க்க ஸ்பியர்மன் சோதனைகள் போதும். எட்டுக் குறிப்பான்களை அளந்து ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத எல்லை வைத்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும் ஏதோ ஒன்று தேறிவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு. முதன்மைக் குறிப்பானை முன்பே அறிவித்துவிடுங்கள்.

முடிவை எழுதும்போது எல்லை மீறாதீர்கள். வெண்புள்ளி நோயாளிகளின் தோல் மேலடுக்கில் காட்டலேஸ் குறைவாக இருப்பது 1991லேயே காட்டப்பட்டது. நீங்கள் அளந்தது ரத்தத்தில். தோலில் நடப்பது ரத்தத்தில் மங்கலாகவே தெரியும். ஒரே நாளில் எடுத்த ரத்தம், ஆக்சிஜனேற்ற அழுத்தம் நோயைக் கொண்டுவந்ததா, நோய் அதைக் கொண்டுவந்ததா என்று சொல்லாது.

10. நோயாளிக்கு என்ன கொடுப்பது

எம்டிஏ, ஐஎல்-6 எண்களை அறிக்கையாக அச்சிட்டுக் கையில் கொடுக்காதீர்கள். இவற்றுக்குத் தனிநபர் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வரம்பு எதுவும் நிறுவப்படவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் விலையுயர்ந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் வாங்குகிறவர் தினக்கூலிக்காரராகத்தான் இருப்பார்.

ஹீமோகுளோபின், சர்க்கரை, டிஎஸ்எச் முடிவுகளைக் கட்டாயம் கொடுங்கள். அவை அவருக்கு இன்றே பயன்படும். டிஎஸ்எச் மாறியிருந்தால் பொது மருத்துவப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி, எந்தக் கட்டடம், எந்த அறை, எந்த நாள் என்று அதன் பின்பக்கத்தில் தமிழில் குறித்துக் கொடுங்கள். அடுத்த வாரம், அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் கூப்பிட்டு, போய்ப் பார்த்தாரா என்று கேளுங்கள்.